புலியை வீழ்த்திய பென்சில்

1876-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஸ்பெயின் தேசத்து வீகோ துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. அதில் வந்த அமெரிக்கர் ஒருவரைப் பிடிப்பதற்காக உத்தியோகஸ்தர்கள் காத்திருந்தார்கள். ஆளை அடையாளம் காண அவர்களிடம் இருந்தது அமெரிக்க வாரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கேலிச் சித்திரம் என்று சொல்லப்படுகிறது. அதில் ஒரு தடித்த மனிதர், கைதியின் கோடு போட்ட உடையில், இரண்டு சிறுவர்களைப் பற்றிக் கொண்டு நிற்கிறார். ஸ்பானியர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகையால் 'இவன் பிள்ளை பிடிக்கிறவன்' என்று முடிவு செய்து விட்டார்களாம். படத்தின் பொருளை அவர்கள் தவறாகப் புரிந்து கொண்டார்கள். ஆனால் ஆளைத் தவறாகப் பிடிக்கவில்லை!

பிடிபட்டவர் வில்லியம் ட்வீட். ஒரு காலத்தில் நியூயார்க் நகரத்தையே தம் சட்டைப் பைக்குள் வைத்திருந்தவர். படத்தை எழுதியவர் தாமஸ் நாஸ்ட். ஆறு வயதில் வேற்று நாட்டிலிருந்து வந்து அந்த நகரத்தில் குடியேறியவர்.

நாஸ்ட் 1840-ம் வருஷம் ஜெர்மனியில் லாண்டாவ் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் ராணுவ வாத்திய கோஷ்டியில் இருந்தவர். அவருடைய ராஜீய அபிப்பிராயங்கள் அரசாங்கத்தாருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே 1846-ல் மனைவியையும் குழந்தைகளையும் நியூயார்க்குக்கு அனுப்பி விட்டு, அவர் சில வருஷங்கள் கழித்துப் போய்ச் சேர்ந்து கொண்டார். புது ஊரில் பையனுக்குப் பாஷை தெரியாது, படிப்பு ஏறவில்லை, எழுத்து வரவில்லை. ஆனால் கோடு வந்தது. பதினைந்தாவது வயதில் பிராங்க் லெஸ்லி என்பவரின் சித்திரப் பத்திரிகையில் வேலைக்கு அமர்ந்து விட்டார். அந்த லெஸ்லியும் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்தான்.

1860-ல் இத்தாலியின் விடுதலைக்காகக் கரிபால்டி படை திரட்டிப் போர் புரிந்தபோது, நாஸ்ட் அந்தச் சேனையோடு சென்று படங்கள் எழுதி அனுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். ஒரு தேசம் விடுதலை பெறுவதைக் கண்ணால் கண்டு திரும்பியவருக்கு, தாம் குடியேறிய தேசத்தில் மனிதர்களை மனிதர்கள் விலைக்கு வாங்கி விற்பது சகிக்கவில்லை. 1862-ல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் பத்திரிகையில் சேர்ந்தார். உள்நாட்டு யுத்தம் மும்முரமாக நடந்த காலம் அது. 1864-ல், தென் மாகாணங்களோடு எப்படியாவது சமாதானம் செய்து கொள்ளலாம் என்று ஒரு சாரார் கூறத் தொடங்கினார்கள். நாஸ்ட் ஒரு கல்லறையை எழுதினார். வட நாட்டுப் போர் வீரனின் கல்லறை அது. காலை இழந்த வட நாட்டான் தலை குனிந்து கை கொடுக்கிறான்; தென் நாட்டான் கல்லறையின் மேல் காலை வைத்து அந்தக் கையைப் பற்றுகிறான். பின்னால் ஒரு கறுப்புக் குடும்பம் விலங்கு பூண்டு நிற்கிறது. லிங்கனின் கட்சியார் இப்படத்தைத் தேர்தல் பிரசாரத்துக்காக அச்சிட்டுப் பரப்பினார்கள். அவ்வருஷம் லிங்கன் மறுபடியும் ஜனாதிபதியானார்.

இனி ட்வீடின் கதைக்கு வருவோம். நியூயார்க்கில் 'டாமனி ஹால்' என்று ஒரு ராஜீய சங்கம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கும் ஏழைகளுக்கு அது வேலை தேடித் தரும். குளிர் காலத்தில் நிலக்கரி கொடுக்கும். பதிலுக்கு அவர்களுடைய வோட்டுக்களை வாங்கிக் கொள்ளும். அந்த வோட்டுக்களைப் படியாக வைத்து ஏறித்தான் ட்வீடும் அவருடைய சகாக்களும் நகரத்தின் கஜானாவை அடைந்தார்கள். இரண்டரை லட்சம் டாலரில் கட்டுவதாக முதலில் திட்டமிட்ட நீதிமன்றக் கட்டிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. பூச்சு வேலைக்காரர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,000 டாலருக்கு மேல் கொடுத்ததாகக் கணக்கு எழுதியிருந்தார்கள்! சுவரைச் சுண்ணாம்பினால் பூசினார்களா, தங்கத்தினால் பூசினார்களா என்று ஜனங்கள் கேட்டிருக்கலாம். ஆனால் கணக்கு ஜனங்களின் கண்ணுக்கு எட்டாமல் இருந்தது.

1871 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அந்தக் கணக்குகளை வெளியிட்டது. கணக்கைப் படிக்க முடியாதவர்களுக்காக நாஸ்ட் படம் எழுதினார். 'ஜனங்களின் பணத்தைத் திருடியது யார்?' என்பது ஒரு படத்திலுள்ள கேள்வி. பல பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைச் சுட்டிக் காட்டுகிறார்கள். இன்னொரு படத்தில் ட்வீடின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பண மூட்டை! பத்திரிகைகள் என்ன எழுதினாலும் தமக்குக் கவலையில்லை, தம் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படத்தைப் பார்த்து விடுகிறார்களே என்று ட்வீட் அங்கலாய்த்ததாகக் கூறுவதுண்டு.

ஹார்ப்பர் கம்பெனியின் பாடப் புத்தகங்களை நகரப் பள்ளிக்கூடங்களில் நிராகரித்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. பிறகு நாஸ்டையே விலை பேசினார்கள். ஐரோப்பாவுக்குப் போய்ச் சித்திரக் கலை பயில ஒரு லட்சம் டாலர் தருவதாக ஒரு பாங்கிக்காரர் வந்து சொன்னாராம். நாஸ்ட் மேலும் மேலும் கேட்க, தொகை ஐந்து லட்சம் வரை ஏறிற்றாம். அதன் பிறகு, தமக்குப் போக உத்தேசமில்லை என்று சொல்லி விட்டாராம். அவருடைய சரித்திரத்தை எழுதிய பெயின் என்பவர் இதைக் கூறுகிறார்.

நவம்பர் தேர்தலுக்கு முன் வந்தது பெயர் பெற்ற புலிப் படம். ரோமாபுரி அரங்கத்தில் டாமனிப் புலி குடியரசு என்னும் மங்கையைக் கீழே தள்ளி மிதிக்கிறது. மேலே ஆசனத்தில் அமர்ந்து ட்வீட் வேடிக்கை பார்க்கிறார். அந்தத் தேர்தலில் ட்வீட் தாம் மட்டும் தப்பினார். அவருடைய கூட்டம் முறிந்தது. 1873-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. 1875-ல் காவலிலிருந்து தப்பி ஓடினார். வீகோவில் அகப்பட்ட பிறகு, 1878-ல் நியூயார்க் சிறையிலேயே இறந்தார்.

இந்தப் படங்கள் உருவான விதத்தையும் நேயர்கள் அறிய வேண்டும். நாஸ்ட் வழவழப்பான மரக் கட்டையின் மேல் பென்சிலால் எழுதுவார். அச்சில் நேராக விழுவதற்காக எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். பிறகு செதுக்கு வேலைக்காரர்கள் கோட்டை விட்டு விட்டு மற்றப் பாகத்தைக் குடைந்தெடுப்பார்கள். கட்டையில் செதுக்கக்கூடிய கோடு அழுத்தமாக இருக்க வேண்டும். நாஸ்டின் படங்கள் பார்த்தவுடன் மனத்தில் பதிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு யானை சின்னமாக நிலைத்தது அவர் 1874-ல் எழுதிய படத்தினால்தான். ஜனநாயகக் கட்சிக்குக் கழுதையைப் பிரபலப்படுத்தியவரும் அவரே. இன்றும் அவ்விரு பிராணிகளும் அந்தத் தேசத்தில் தேர்தலுக்குத் தேர்தல் மோதிக் கொள்கின்றன. கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடியும் தொந்தியும் கூட நாஸ்டின் கைவண்ணத்தால் உருப்பெற்றவைதான்.

இத்துடன் நிறுத்திக் கொண்டால் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது உண்மைக்குத் துரோகமாகும்.

1869-ல் நாஸ்ட் ஒரு விருந்துப் படம் எழுதினார். எல்லா நாட்டிலிருந்தும் வந்தவர்கள் சமமாக ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். 1871-ல் சீனர்களுக்கு எதிராகக் கூச்சல் கிளம்பியபோது, ஒரு சீனருக்குத் தேசமாதா அரணாக நிற்பது போல் எழுதினார். ஆனால் அதே கை ஐரிஷ்காரர்களைக் குரங்கு முகத்தோடும் குடி பாட்டிலோடும் எழுதிக் கொண்டே இருந்தது. ட்வீடுக்கு வோட்டுப் போட்டவர்கள் என்ற கோபம், அந்த ஜாதியார் அனைவரின் மேலும் பாய்ந்து விட்டது.

1871 செப்டம்பரில் 'அமெரிக்காவின் கங்கை நதி' என்று ஒரு படம் வெளியிட்டார். கத்தோலிக்க மேற்றிராணிமார் முதலைகளாகி, அவர்களுடைய நீண்ட தொப்பிகளே வாயாகி, பள்ளிக் குழந்தைகளை விழுங்கக் கரையேறி வருகிறார்கள். இதற்கு நமது கங்கை எதற்கு? கங்கைக் கரையில் தாய்மார்கள் குழந்தைகளை முதலைக்கு எறிகிறார்கள் என்று பாதிரிமார்கள் பரப்பிய கதை மேல்நாட்டில் வெகுவாக வழங்கி வந்தது. ஒரே படத்தில் இரண்டு அவதூறுகள்! 1876-ல், எந்தக் கறுப்பு மக்களுக்காக வாதாடினாரோ அவர்களையே அறிவற்ற வோட்டர்கள் என்று ஐரிஷ்காரரோடு தராசில் நிறுத்திப் பரிகாசம் செய்தார். ஐந்து லட்சம் டாலருக்கு விலை போகாத மனிதரை, வெறுப்பு என்பது காசில்லாமலே வாங்கி விட்டது.

கடைசிக் காலம் துயரமானது. 1884-ல் தம் கட்சி நிறுத்திய அபேட்சகர் யோக்கியரல்லர் என்று கருதி அவரை எதிர்த்தார். பழைய நண்பர்களை இழந்தார். அதே வருஷம், பணம் போட்டு வைத்திருந்த கம்பெனி முறிந்து சேமிப்பு போயிற்று. 1886-ல் ஹார்ப்பர்ஸை விட்டு விலகினார். பின்னர் சொந்தமாக நடத்திய பத்திரிகையும் நீடிக்கவில்லை. 1902-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை ஈக்வடார் தேசத்துக் குவயாகில் நகரில் கான்ஸலாக நியமித்தார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியது. நாஸ்ட் தம் இடத்தை விட்டு ஓடவில்லை. அதே காய்ச்சலில் டிசம்பர் 7-ந் தேதி காலஞ்சென்றார்.

எழுத்தைப் படிப்பதற்குக் கல்வி வேண்டும். படத்தைப் பார்ப்பதற்குக் கண் போதும். ஆகையால்தான் படம் எழுதுகிறவரின் பொறுப்பு அதிகம். பார்க்கிற நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கேலிச் சித்திரத்தைக் கண்டு சிரித்து முடித்த பிறகு, ஒரு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும்: இதில் அடிபடுகிறவர் கஜானாவின் மேல் உட்கார்ந்திருப்பவரா, அல்லது நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஏழையா? நாஸ்ட் இரண்டு பேரையும் அடித்தார். முதல் அடிக்காக உலகம் அவரைக் கொண்டாடுகிறது. இரண்டாவது அடியை நாம் மறக்காமல் இருந்தால், அவருடைய வாழ்க்கையை முழுவதும் படித்தவர்களாவோம்.