குட்டியின் முதல் இரவு

கடுங்குளிரில் கால்நடைகள் மடிவது என்றதும் இமயமலைச் சரிவுகளே நம் நினைவுக்கு வருகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் உறைபனி இல்லை. ஆனால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும், மார்கழி, தை மாதங்களின் பனியும் அன்று பிறந்த ஆட்டுக்குட்டிக்கு ஏறக்குறைய அதே ஆபத்தை உண்டாக்குகின்றன.

ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ். ஈன்ற ஈரத்துடன் தரையில் விழும் குட்டியின் உடலில் உள்ள கொழுப்புச் சேமிப்பு சில மணி நேரமே தாங்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால், நமக்கு இதமான 20 டிகிரி இரவுகூட அதற்குக் கடுங்குளிரே. உடல் குளிர்ந்த குட்டி பால் குடிக்காது. பால் குடிக்காத குட்டி மேலும் குளிரும். வகுப்பறையில் வறுமையின் நச்சுச் சுழல் என்று நாங்கள் கற்பித்ததன் சிற்றுருவம் இது.

இந்தச் சுழலை உடைப்பது சீம்பால். ஆட்டினத்தில் நோய் எதிர்ப்பாற்றல் கருவிலேயே குட்டிக்குக் கிடைப்பதில்லை; சீம்பால் வழியாகத்தான் வருகிறது. அதை ஈர்க்கும் திறனைக் குட்டியின் குடல் ஒரு நாளுக்குள் இழந்துவிடுகிறது. எனவே, ஈன்ற ஓரிரு மணி நேரத்திலேயே சீம்பாலைத் தொடங்கிவிட வேண்டும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் 200 மி.லி. அளவுக்குத் தேவை. உலர்ந்த துணியால் துடைப்பதும், தொப்புளில் அயோடின் தடவுவதும் அதனோடு சேர்ந்தவை. விறைத்துப்போன குட்டிக்கு முதலில் கதகதப்பு, பிறகே பால்.

தாய் நலமாக இருந்தால்தான் பால் சுரக்கும். மழைக்காலச் சேற்றிலும் சாணத்திலும் பெருகும் சிறு கொசு போன்ற பூச்சிகள் செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன. காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண்ட தாய் மேயாது, மடி வற்றும், குட்டி பட்டினி கிடக்கும். நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. அதை மழை தொடங்கும் முன், ஆவணிக்குள் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த செய்திதானே என்று கேட்கலாம். தெரிந்தும் செய்ய முடியாமல் போவதில்தான் பொருளாதாரம் இருக்கிறது. கிடை போடுபவருக்குப் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லை. எருவுக்காக நிலக்காரர் தரும் கூலியை நம்பி, காட்டுக்குக் காடு நகர்பவர் அவர். கரிசல் மண் மழையில் சேறாகிவிடும். மேட்டுக்குக் கிடையை மாற்றினால் குட்டி பிழைக்கும். அன்றைய கூலி போகும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கட்டித்தரப்பட்ட ஆட்டுக் கொட்டகைகள் சொந்த இடம் உள்ளவர்க்கே பயன்பட்டன. இடம் அற்றவரிடம் இருப்பது குட்டிகளை அடைக்கும் கூடாப்பு மட்டுமே.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது, இறந்த ஆட்டுக்கான நிவாரணத்தைத் தமிழக அரசு ரூ.3,000-லிருந்து ரூ.4,000-ஆக உயர்த்தியது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், மழை ஓய்ந்த பின் ஈரத்தரையில் விறைத்துச் சாகும் குட்டி எந்தப் பேரிடர்க் கணக்கிலும் ஏறுவதில்லை. காப்பீடும் காதுவில்லை அணிந்த, உரிய வயதை எட்டிய ஆடுகளுக்குத்தான். ஐந்து மாதச் சினைக் காலத்தின் உழைப்பும், அடுத்த ஆண்டுக்கான வருவாயும் ஓசையின்றி மறைகின்றன.

இறப்புக்குத் தரும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும் பிழைப்பதற்குச் செலவிடலாம். ஆவணி மாதத்தில் கிடை இருக்கும் இடத்துக்கே செல்லும் தடுப்பூசி முகாம், குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய், ஒரு புட்டி அயோடின், 1962 என்ற எண்ணில் அழைத்தால் காட்டுக்குள்ளும் வரும் கால்நடை ஊர்தி ஆகியவை போதும். தாயாட்டைச் சொத்து என்று ஏற்கும் அரசு, அதன் குட்டியையும் அவ்வாறே கணக்கில் கொள்ள வேண்டும்.