உள்ளங்கையில் ஒரு டீசல் இன்ஜின்



சின்னபாபு சமுத்திரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ரயிலைச் சின்னதாக்கி வீட்டு மேஜை மேல் ஓட்ட முடியுமா? முடியும். உலகத்தில் நிறைய பேர் அதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பொம்மை வேறு, மாடல் வேறு

திருவிழாக் கடையில் விற்கும் ரயில் பொம்மை. அதில் இன்ஜின் குட்டையாக இருக்கும், சக்கரம் பெரிசாக இருக்கும், கணக்கு ஒன்றும் கிடையாது. மாடல் என்றால் எல்லா அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்வது. நம் கணக்குப் பாடத்தில் வரும் விகிதம்தான் இது.

உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது 1:87 என்ற அளவு. இதை ஹெச்.ஓ. என்பார்கள். இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் 1:76 அளவு. அதன் பெயர் ஓ.ஓ.

நம்ம ஊர் டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 17 மீட்டர். 87-ஆல் வகுத்தால் சுமார் 20 செ.மீ. வரும். அதாவது நம் ஸ்கேலைவிடப் பத்து செ.மீ. குறைவு. இன்ஜின் சக்கரத்தின் விட்டம் 1092 மி.மீ. மாடலில் அது பன்னிரண்டரை மி.மீ.தான், சட்டைப் பொத்தான் மாதிரி!

எடை மட்டும் அப்படி வகுக்கக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 87 x 87 x 87 என்று வகுக்க வேண்டும். நிஜ இன்ஜின் சுமார் 113 டன். வகுத்துப் பார்த்தால் மாடலுக்கு 170 கிராம் சொச்சம்தான் வருகிறது. அவ்வளவு லேசாக இருந்தால் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும், பெட்டியை இழுக்காது. அதனால் உள்ளே உலோகக் கட்டி வைத்து எடையைக் கூட்டுகிறார்கள்.

எப்படி ஓடுது?

மாடல் டீசல் இன்ஜினில் டீசல் கிடையாது. இரண்டு தண்டவாளத்திலும் 12 வோல்ட் வரை மின்சாரம் போகும். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். சக்கரம் வழியாக மின்சாரம் மேலே ஏறி உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரைச் சுற்றும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் ரிவர்ஸ். தண்டவாளத்தில் தூசி படிந்தால் மின்சாரம் ஏறாது, இன்ஜின் விக்கி விக்கி நிற்கும். அதனால் அடிக்கடி துடைத்து வைக்க வேண்டும்.

இப்போது டி.சி.சி. என்ற முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரைக் கூப்பிட்டால் அது மட்டும் நகரும், மற்றது நிற்கும். நிஜ இன்ஜினின் சத்தத்தைப் பதிவு செய்து அதிலேயே வைக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? நிஜ டீசல் இன்ஜினிலும் சக்கரத்தைச் சுற்றுவது மின்சார மோட்டார்தான்! டீசல் எரிந்து ஜெனரேட்டரைச் சுற்றும், அது மின்சாரம் தரும், அந்த மின்சாரம் அச்சில் உள்ள மோட்டாரைச் சுற்றும். டபிள்யூ.டி.எம்-2-வில் இப்படி 6 மோட்டார். அதன் சக்தி 2600 குதிரைத்திறன்.

அயர்லாந்துக்காரர்களும் நாமும்

அயர்லாந்து சின்ன நாடு. அங்கே 1961-ல் அமெரிக்காவிலிருந்து 121 என்ற வகை டீசல் இன்ஜின் வந்தது. மொத்தமே 15. அடுத்த ஆண்டு வந்த 141 வகையில் 37. அதனால் அங்கே மாடல் சேர்ப்பவர்கள் 'எனக்கு இந்த நம்பர் வேண்டும், அந்த நம்பர் வேண்டும்' என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். மர்ஃபி மாடல்ஸ் என்ற கம்பெனி இந்த வகைகளை மாடலாகச் செய்திருக்கிறது. கைப்பிடிக் கம்பி, ஏணிப்படி, காற்றுக் குழாய், நம்பர் எல்லாம் அப்படியே இருக்கும். சிலர் புது மாடலுக்கு வேண்டுமென்றே எண்ணெய்க் கறை, துரு எல்லாம் வரைகிறார்கள். உழைத்த இன்ஜின் பளபளவென்று இருக்காது அல்லவா!

நமக்கும் அவர்களுக்கும் ஒரே பிரச்சினை ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளின் 1435 மி.மீ. பாதைக்கு 1:87-ல் சரியான அளவு. அயர்லாந்தின் பாதை 1600 மி.மீ. அவர்கள் மாடலுக்கு 21 மி.மீ. வேண்டும். நம் அகலப்பாதை 1676 மி.மீ. 1:87-ல் நமக்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஆனால் இரண்டு நாட்டு இன்ஜினும் 16.5-லேயே ஓடுகின்றன. கூர்ந்து பார்த்தால் பெரிய உடம்புக்குச் சின்னச் செருப்பு போட்டது போலத் தெரியும். கணக்கு பிசகக் கூடாது என்று சிலர் தாங்களே தண்டவாளம் செய்துகொள்கிறார்கள்.

நம் நாட்டில் மாடல் ரயில் பார்க்க வேண்டும் என்றால் புனே போக வேண்டும். அங்கே பாவ்சாகேப் ஜோஷி என்பவர் உருவாக்கிய சின்ன ரயில் அருங்காட்சியகம் 1998-ல் திறக்கப்பட்டது. ஊர், பாலம், சிக்னல் எல்லாம் 1:87 அளவில் ஓடுகிறது. நான் போனதில்லை. சித்தப்பா செல்போனில் வீடியோ காட்டினார். விளக்கை அணைத்ததும் சின்ன ஊர் முழுக்க வெளிச்சம் வருகிறது. அதை மூன்று தடவை பார்த்தேன்.

நான் செய்யும் இன்ஜின்

நம் விழுப்புரம் – புதுச்சேரி பாதை 1879-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. 2004-ல் அகலப்பாதை ஆனது. இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் காலத்தின் டீசல் இன்ஜின் ஒய்.டி.எம்-4. எங்கள் தாத்தா அந்த லைனில் கேங்மேனாக இருந்தவர். எங்கள் வீட்டில் அந்த இன்ஜினின் போட்டோ ஒன்றுகூட இல்லை. தாத்தாவின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவருக்கோ இப்போது பாதி மறந்து போகிறது. அதனால்தான் அவசரமாகச் செய்கிறேன்.

விலைக்கு வாங்க ஆயிரக்கணக்கில் ரூபாய் வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டைக்குக் காசு வேண்டாம். நல்ல கெட்டியான அட்டையாகப் பார்த்து அளந்து வெட்டி, மடிக்கும் இடத்தில் லேசாகக் கீறி, பெவிக்காலில் ஒட்டுகிறேன். கைப்பிடிக்கு மெல்லிய செம்புக் கம்பி. சக்கரத்துக்குப் பொத்தான். மீட்டர் கேஜ் 1000 மி.மீ. என்பதால் 87-ஆல் வகுத்தால் பாதை பதினொன்றரை மி.மீ. வருகிறது. தாத்தா கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "டிரைவர் ரூம் இந்த ஓரத்துல வரணும் கண்ணு, நடுவுல இல்ல. ரெண்டு பக்கமும் நடந்து போக வழி விடு" என்று சொல்கிறார். சித்தப்பா போனில் படம் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரியாக இருக்கிறது!

"பொம்பளப் புள்ளைக்கு ரயில் எதுக்கு?" என்று தெருவில் கேட்கிறார்கள். இதில் விகிதம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நம்ம ஊர் வரலாறு இருக்கிறது. இது மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடப் புத்தகத்தில்தான் இருக்கின்றன என்பதே என் பதில்.

ஒரு கணக்கு, ஒரு வேண்டுகோள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை சுமார் 38 கி.மீ. அதை 1:87-ல் முழுதாகச் செய்தால் எத்தனை மீட்டர் இடம் வேண்டும்? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலில் எழுதுங்கள். முழுப் பாதையும் நம்மால் முடியாது. ஆனால் ஒரு ஸ்டேஷன், ஒரு கேட், ஒரு இன்ஜின் முடியும். அறிவியல் கண்காட்சிக்கு இதைச் சேர்ந்து செய்ய ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டுகிறேன்.

உங்கள் வீட்டில் பழைய மீட்டர் கேஜ் ரயில் போட்டோவோ, அட்டை டிக்கெட்டோ இருந்தால் ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள். அளந்து, வரைந்துகொண்டு, பத்திரமாகத் திருப்பித் தருவேன். வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி