கேரம் பவுடரும் ஜிப்சமும்

ஹாஸ்டலில் கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்தப் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம்தான். துருக்கியில் எமெட் பகுதியில் கோல்மனைட் என்ற தாதுவை வெட்டி எடுத்து இதைத் தயாரிக்கிறார்கள். பொடித்த தாதுவை 80-90 டிகிரி சூட்டில் கந்தக அமிலத்தோடு கலக்கினால் போரிக் அமிலம் கரைசலில் நிற்கும். கால்சியம் ஜிப்சமாகப் பிரியும். சூடாக வடிகட்டி ஆறவைத்தால் படிகம் ரெடி. 100 மி.லி. கொதிநீரில் சுமார் 27 கிராம் கரைகிற சரக்கு, 20 டிகிரியில் 5 கிராம்கூடக் கரையாது.

"இவ்வளவுதானா?" என்பீர்கள். வம்பெல்லாம் ஃபில்டரில்தான்! சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: சுத்தமான கோல்மனைட் 100 கிலோவுக்கு, கந்தக அமிலம் 48 கிலோ, கிடைப்பது போரிக் அமிலம் 90 கிலோ, கூடவே ஜிப்சம் 84 கிலோ. ஜிப்சம் படிகம் ரொம்ப நைசாக விழுந்தால் ஃபில்டர் துணி அடைத்துக்கொள்ளும். கேக்கோடு போரிக் அமிலமும் குப்பைக்குப் போகும். சரி, கழுவலாமே? பச்சைத் தண்ணீர் விட்டால் துணியிலேயே படிகம் கட்டிவிடும், எனவே வெந்நீர்தான். அதையும் தாராளமாக விட்டால் கரைசல் நீர்த்து, ஆறவைக்கும்போது படிகம் குறையும். ஆகவே கழுவின நீரையே அடுத்த பேட்ச்சுக்கு ஊற்றுகிறார்கள்.

ஆசிட்டைக் கூட்டினால் தாது சீக்கிரம் கரையும் என்று தோன்றும். கரையும்தான், கூட இருக்கும் களிமண்ணும் சேர்ந்து கரையும். அதிலிருந்து வரும் மெக்னீசியம் சல்பேட், திரும்பத் திரும்பச் சுற்றும் அந்த நீரில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் நம் வெள்ளைப் படிகத்தில் ஒட்டிக்கொள்ளும்.