துத்தநாக விரல் புரதங்களும் குழந்தையின் சிறுநீரகமும்

மரபணுக்களை இயக்கும் புரதங்கள் பலவற்றில் விரல் போன்ற மடிப்புகள் உள்ளன. சுமார் 30 அமினோ அமிலங்களாலான ஒவ்வொரு மடிப்பையும் ஒரு துத்தநாக அயனி குலையாமல் காக்கிறது. ஒரு விரல் டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 3 எழுத்துகளை அடையாளம் கண்டு பற்றுகிறது.

சிறுநீரக வளர்ச்சியை நெறிப்படுத்தும் டபிள்யூ.டி.1 புரதத்தில் இத்தகைய 4 விரல்கள் உள்ளன. மரபணு மாற்றத்தால் ஒரு விரல் பழுதுற்றாலும் அப்புரதம் டி.என்.ஏ.வைச் சரிவரப் பற்ற முடியாமல் போகலாம். இதனால் டெனிஸ்-டிராஷ் என்னும் அரிய நோய் ஏற்படுகிறது: சிறுநீரில் புரதம் வெளியேறும், வில்ம்ஸ் எனப்படும் சிறுநீரகப் புற்றுக்கட்டியும் தோன்றக்கூடும்.

இது பெற்றோரின் கவனக்குறைவால் வருவதன்று. துத்தநாக மாத்திரையால் சரியாவதும் அன்று. நோய் உறுதியான குழந்தைக்கு, மருத்துவர் கூறும் காலம்வரை, பொதுவாக 3 மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தவறாமல் எடுக்கவும். கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.