எம்.ஜி. டி.சி.யும் பேராக்கின் ஈரமும்

1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்.ஜி. டி.சி., 1,250 சிசி எஞ்சின் கொண்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் மலாயாச் சாலைக்கு அப்படியே பொருந்தியது.

இரும்புத் தகட்டு உடலைத் தாங்குவது ஆஷ் மரச்சட்டம். மலேசியாவின் பேராக் மாநில ஈரக்காற்றில் கெடுவது அந்த மரம்தான். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே கட்டை உளுத்திருக்கும். கதவு தொய்வது அதன் அறிகுறி. தோட்டத்துச் செம்மண் பாதையின் அதிர்வும் மரமூட்டுகளைத் தளர்த்தும். மழையில் நனைந்த காரை மூடாமல் காற்றாட நிறுத்துவது பாலிஷ் போடுவதைவிட முக்கியம்.

எஞ்சினின் இரு எஸ்.யு. கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கச் சரிசெய்யவேண்டும். அடுத்தது டயர். 1877-இல் கோலகங்சாரில் பால்மரம் ஊன்றிய பேராக்குக்கு ரப்பரின் இயல்பு புதிதல்ல: ஓடாமல் நின்றாலும் டயர் முதிர்ந்து வெடிப்புவிடும், தேய்மானத்தை மட்டுமன்றி வயதையும் பார்த்தே மாற்றவேண்டும்.