விசிறி இல்லாத கார்டைக் குளிர வைப்பது எப்படி?

2016இல் வந்த என்விடியா டெஸ்லா பி40 கிராபிக்ஸ் கார்டில் 24 ஜிபி நினைவகம் உண்டு. விசிறி மட்டும் கிடையாது. ஏன்? அது சர்வருக்காகச் செய்யப்பட்டது. சர்வரில் உள்ள வேகமான விசிறிகளே கார்டின் நீளவாக்கில் காற்றைத் தள்ளிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்தினால் நிலைமை வேறு. முழு வேலையில் 250 வாட் வரை வெப்பம் வெளிவரும். உள்ளே நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகளுக்குள் கேபினெட் விசிறியின் காற்று நுழையாமல் சுற்றிப் போய்விடும். சூடு ஏறியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எப்படிச் சரிசெய்வது? அழுத்தத்துடன் ஊதும் புளோயர் விசிறியைக் கார்டின் பின்முனையில் பொருத்த வேண்டும். இரண்டையும் இணைக்கும் குழலை 3டி பிரிண்டரில் அச்சிடலாம். இடுக்குகளை ஃபோம் டேப்பால் அடையுங்கள்; இல்லாவிட்டால் காற்று அங்கேயே கசிந்துவிடும். சிப்பின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள்.

மின் இணைப்பில் மிகுந்த கவனம் வேண்டும். இந்தக் கார்டுக்கு உரியது பிராசஸருக்கான 8 பின் இணைப்பு. வழக்கமான கிராபிக்ஸ் கார்டு இணைப்பு அல்ல. மாற்றிச் செருக முயன்றால் கார்டே பாழாகலாம்.

கடைசியாக, முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் கவனியுங்கள். வேகம் குறையாமல் வெப்பநிலை ஓரிடத்தில் நிலைத்து நின்றால் மட்டுமே அன்றாட வேலைக்குப் பயன்படுத்துங்கள். நன்றாக உழைக்கக்கூடிய கார்டைச் சூட்டுக்குப் பலி கொடுத்துவிடாதீர்கள்.