நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்

யாங்கோனில் பழக்கம் விடாத பர்மிய வீடுகளில், கூடத்து மூலையில் உயரத்தில் ஒரு தேங்காய் தொங்கும். அதன் தலையில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். நம் ஊர்க்காரர் பார்த்தால் திருஷ்டிக்குக் கட்டியது என்றுதான் நினைப்பார். அது ஒரு கொல்லனுக்குக் கட்டியது.

தகவுங் நாட்டில் யானைப் பலம் கொண்ட கொல்லன் ஒருவன் இருந்தான். அவனைக் கண்டு பயந்த அரசன், அவன் தங்கையை மணந்துகொண்டான். மைத்துனன் முறை சொல்லி அவனை வரவழைத்துச் சண்பக மரத்தில் கட்டி எரித்தான். தங்கையும் அதே தீயில் பாய்ந்தாள். இருவர் ஆவியும் அந்த மரத்திலேயே தங்கி ஊரை ஆட்டிப்படைக்க, மரத்தைப் பெயர்த்து ஐராவதியில் விட்டார்கள். அது மிதந்து பகானில் கரை ஒதுங்கியது. பகான் அரசன் அந்த மரத்திலேயே இருவர் உருவத்தையும் செதுக்கி, பொப்பா மலையில் கொண்டுபோய் வைத்தான். கொல்லனுக்கு மகாகிரி என்று பெயர் வந்தது. எரிந்த உடம்பு குளிரட்டும் என்றுதான் வீட்டுக்கு வீடு தேங்காய்.

பொப்பா என்ற பெயரே நம் 'புஷ்ப'த்திலிருந்து வந்தது என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. பதினோராம் நூற்றாண்டில் பகானை ஆண்ட அனவரத்தாவுக்குத் தினமும் பொப்பாவிலிருந்து பூ வேண்டும். கப்பல் உடைந்து கரையேறிய இந்திய இளைஞன் பியத்தா, நாளுக்குப் பத்து முறை ஓடிப்போய்ப் பூக் கொண்டுவருவான். பகானிலிருந்து மலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பத்து முறை போய்வந்தால் கணக்கு ஆயிரத்தைத் தொடும். கதைக்கு மீட்டர் போடக் கூடாது. மலையில் பூவையே உணவாகக் கொண்ட ஒரு வனமகளிடம் மனதைப் பறிகொடுத்தான், பூ வரத் தாமதமானது, தலை போயிற்று. அந்த அனவரத்தாவின் பெயரைத்தான் யாங்கோனில் பழைய ஃபிரேசர் தெரு இன்று தாங்கியிருக்கிறது. 1871-இல் தமிழர் கட்டிய காளி கோயில் அந்தத் தெருவில்தான் நிற்கிறது.

யாங்கோனில் ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும். அங்கிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பி பகான் பக்கம் கண் விழித்தால் ராமநாதபுரம் வந்துவிட்டதோ என்று தோன்றும். எங்கு பார்த்தாலும் பனை, செம்மண், முள்வேலி. பொப்பா போகும் சாலையோரக் கொட்டகைகளில் மாடு பூட்டிய செக்கில் கடலை ஆட்டுகிறார்கள், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி உருட்டுகிறார்கள், பக்கத்திலேயே கள்ளும் கிடைக்கும். இங்கே சில இடங்களில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பெரிது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே ரக்கைன் மலைத்தொடரில் மோதி, சுமையை அங்கேயே இறக்கிவிட்டு ஏறக்குறைய வெறுங்கையோடு இந்தப் பக்கம் வருகிறது. கேரளம் நனையும்போது தென்மாவட்டங்கள் காற்று மட்டும் வாங்குமே, அதே கதைதான்.

இந்தக் காய்ந்த பூமியின் நடுவே, 1,518 மீட்டர் உயரத்துக்குப் பச்சையாக ஒரு மலை எழும்பி நிற்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பொப்பா என்றதும் படங்களில் வருவது செங்குத்தான ஒரு பாறைத் தூணும், அதன் உச்சியில் மின்னும் கோபுரங்களும்தான். அதன் பெயர் தவுங் கலாட். உச்சிக்கு 777 படிகள். எரிமலையின் தொண்டையில் இறுகிப்போன குழம்பு அது. சுற்றியிருந்த இளகிய மண் காலப்போக்கில் கரைந்துபோக, அடைப்பு மட்டும் நின்றுவிட்டது. திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அவ்வளவு அந்நியமாகப் படாது. உண்மையான பொப்பா அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய மலை. பர்மியர் அதைத் தாய்மலை என்பார்கள். கடைசியாகச் சீறிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்ட எரிமலை. ஒரு பக்கம் சரிந்து வாய் பிளந்து கிடக்கிறது.

தாய்மலையின் சரிவில் சந்தன மரங்களுக்கு நடுவே தங்கும் விடுதி உண்டு. அறைத் திண்ணையில் உட்கார்ந்தால் கீழே தவுங் கலாட் பொம்மைபோலத் தெரியும். அதனால் எல்லா நாற்காலிகளும் அந்தப் பக்கமே பார்த்திருக்கின்றன. என்னைக் கேட்டால், ஒரு படம் எடுத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடலாம். பார்க்க வேண்டியது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

மலை பச்சையாக இருப்பதற்கு மந்திரம் ஏதும் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். சமவெளியைத் தொடாமல் கடந்துபோகும் ஈரக்காற்று இந்தச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, மேகமாகவும் பனியாகவும் தங்கிவிடுகிறது. எரிமலைச் சாம்பல் மண்ணும் நொறுங்கிய பாறையும் அந்த நீரைப் பஞ்சுபோல இழுத்து வைத்துக்கொண்டு, அடிவாரத்தில் ஊற்றாக விடுகின்றன. ஆகவே ஏறும்போதே காடு மாறும். அடியில் முள்மரங்கள். அங்கேதான், உலகில் மியன்மாரின் வறண்ட நிலத்துக்கே உரிய தஹட் என்ற குட்டைத் தேக்கும் வளர்கிறது. யாங்கோன் பெண்கள் கன்னத்தில் பூசும் தனக்காவைத் தரும் மரமும் இந்த வறண்ட பகுதியின் பிள்ளைதான். நம் கோயில்களில் மகாவில்வம் என்று கும்பிடுவது அதே மரம். நடுச்சரிவில் கோடையில் இலையுதிர்க்கும் காடு, அதற்கும் மேலே எந்நாளும் பச்சை மாறாத காடு. பர்மிய வைத்தியர்கள் மூலிகைக்கு இந்த மலையைத்தான் நாடி வருவார்கள்.

அந்தப் பச்சைக்குள்தான் கதாநாயகன் இருக்கிறான். உடலில் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், வயிறு வெளுப்பு, கைகால் கறுப்பு, நீண்ட வால். கண்ணைச் சுற்றி அகலமான வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. பொப்பா இலைக்குரங்கு. அறிவியல் பெயர் டிராக்கிபித்திகஸ் பொப்பா. அந்தப் பெயர் கிடைத்தது 2020 நவம்பரில்தான்.

ஆனால் அதன் தோலும் மண்டையோடும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியா, பர்மா, இலங்கை முழுவதும் பாலூட்டிகளைக் கணக்கெடுத்தபோது, அதன் சேகரிப்பாளர் கை ஷார்ட்ரிட்ஜ் 1913-இல் பொப்பா மலையில் பிடித்தது அது. அக்கம்பக்கத்து இலைக்குரங்குகளில் ஒன்றாகவே அதையும் வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் அவ்வளவு நுணுக்கம். நெருங்கிய உறவினன் பேயர் இலைக்குரங்கு. பர்மாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ஆர்தர் பேயரின் பெயர் அது. யாங்கோனின் இன்றைய பன்சோடான் தெருவுக்கும் முன்பு அவர் பெயர்தான்.

முடிச்சை அவிழ்த்தவை இரண்டு: அருங்காட்சியகத் தோல்களில் சுரண்டி எடுத்த துணுக்கு, காட்டில் பொறுக்கிய எச்சம். குடலிலிருந்து உதிரும் செல்கள் எச்சத்தோடு வெளிவரும். அவற்றில் மரபணு இருக்கும். விலங்கைப் பிடிக்க வேண்டாம், பார்க்கக்கூட வேண்டாம். ஜெர்மனியின் முதனிகள் ஆய்வு மையமும், ஃபானா அண்ட் ஃப்ளோரா அமைப்பின் மியன்மார் குழுவும் இரண்டையும் ஒப்பிட்டன. தாய்வழி மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் சேர்ந்திருந்த மாற்றங்களை எண்ணியபோது, உறவினர்களிடமிருந்து இது ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது தெரிந்தது.

777 படியேறியவர்கள் சொல்லக்கூடும்: "நாங்கள்தான் பார்த்தோமே, கையிலிருந்த கடலைப் பொட்டலத்தையே பிடுங்கிற்று!" அது வேறு, எதையும் தின்னும் சாதாரணக் குரங்கு. இலைக்குரங்கு கையேந்தி வராது, அதற்குக் காரணம் மானம் அல்ல, வயிறு. மாட்டைப்போல அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. முன்னறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இலையின் நாரை நொதிக்க வைத்து உடைத்துக் கொடுக்கின்றன. இலைகளில் உள்ள நச்சில் ஒரு பகுதியையும் முறிக்கின்றன. இனிப்பு நிறைந்த பழுத்த பழமோ பிஸ்கட்டோ அந்தத் தொட்டியில் விழுந்தால் நொதிப்பு தாறுமாறாகி, அமிலம் ஏறி, வயிறு உப்பிவிடும். இலையில் கிடைக்கும் சத்தோ கொஞ்சம்தான். ஆகவே காலையில் மேய்ச்சல், பகலெல்லாம் கிளையில் சாய்ந்து செரிமானம். ஆனைமலையிலும் நீலகிரியிலும் நம் கருமந்தி நடத்துவது இதே குடித்தனம்தான். பகலெல்லாம் கிளையில் சும்மா உட்கார்ந்திருந்த அதைத்தான் லேகியத்துக்கென்று நாம் சுட்டுத் தள்ளினோம்.

தின்னும் காடு முடியும் இடத்தில் இலைக்குரங்கின் உலகமும் முடிந்துவிடும். பொப்பாவைச் சுற்றி இருப்பது பனங்காடும் கடலைக் கொல்லையும். குரங்குக்கு அது கடல்; மலை ஒரு தீவு. 2020-இல் போட்ட கணக்குப்படி உலகில் மொத்தமே 200 முதல் 250 வரை, நான்கு இடங்களில் சிதறி இருந்தன. பெரிய கூட்டம் பொப்பாவில், நூற்றுச் சொச்சம். விறகுக்கு மரம் வெட்டுவதும் வேட்டையும் மிச்சத்தைச் சுருக்குகின்றன. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டில் நடக்கும் சண்டை வறண்ட நடுநிலத்தையும் விடவில்லை. விடுதிப் பயணம் என்று எளிதாகக் கிளம்பும் நிலை இல்லை.

போக வாய்க்கிற நாளில், விடியும்போதே எழுந்துவிடுங்கள். கீழே கோபுரத்தில் வெயில் படும் நேரம், பின்னால் காட்டில் காற்றே இல்லாமல் ஒரு கிளை மட்டும் தாழ்ந்து எழும். அடுத்து இன்னொன்று. வெள்ளை வளையத்துக்குள் இரண்டு கண்கள் உங்களைக் கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு அது பாட்டுக்கு இலையைப் பறிக்கும்.